கைராசியும் பக்கெட் தண்ணியும்

எங்க ஏரியாவுல ஒரு பொண்ணு முழுகாம இருக்கான்னு தெரிஞ்சா மூணாவது மாசத்துலயே பேச்சு ஆரம்பிச்சுடும். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டரம்மா, அவங்களுக்குக் கைராசி எப்படி? வியாசர்பாடியில கைராசி சாதாரண வார்த்தை இல்லை. 2 ரூபாய் வாங்கி, அப்புறம் 5 ரூபாய் வாங்கி வைத்தியம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் 2020 ஆகஸ்ட் 15 அன்று காலமானார். இன்னிக்கும் எங்க தெருவுல அவரைப் பத்திப் பேசினா முதல்ல வர்ற வார்த்தை அதுதான்: "கைராசிக்காரருப்பா."

எங்க அம்மா வடசென்னையில் ஒரு நர்சிங் ஹோமில் பிரசவ வார்டு ஆயாவாக இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவங்க. டூட்டி முடிஞ்சு வந்ததும் வீட்டுக்குள்ள நுழைய மாட்டாங்க. வாசல் அடிபம்புல நாங்க யாராவது அடிக்கணும். அவங்க முழங்கை வரைக்கும் லைஃப்பாய் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் எங்களைத் தொடுவாங்க. சின்ன வயசுல இது ஏதோ வேண்டுதல்னு நினைச்சேன்.

2019 ஜூன் மாசம் என் தங்கச்சிக்கு முதல் பிரசவம். அம்மா அப்போ வேலையிலிருந்து நின்னுட்டாங்க. சேர்த்தது வேற ஒரு நர்சிங் ஹோம், பேர் இங்கே வேண்டாம். அந்த மாசம் சென்னை எப்படி இருந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் எல்லாம் வெறும் தரை. அந்த நர்சிங் ஹோம் வார்டுல குழாயைத் திறந்தா காத்துதான் வந்தது. மூலையில ஒரு பக்கெட், அதுமேல ஒரு மக்கு. டாக்டர் ஒரு கட்டில்லேர்ந்து அடுத்த கட்டிலுக்குப் போனாங்க. பக்கெட் பக்கம் போகல. போட்டிருந்த கையுறையும் மாறல.

மூணாம் நாள் தங்கச்சிக்குக் காய்ச்சல். அப்போ அந்த டாக்டர் அம்மாவையும் வார்டு ஆயாவையும் நிக்க வெச்சு, கை கழுவாம தொட்டா இப்படித்தான் ஆகும்னு திட்டினாங்க. அம்மா பதில் பேசல. வீட்டுக்கு வந்து அடிபம்பு கிட்ட நின்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "அந்தக் கட்டில்லேர்ந்து இந்தக் கட்டிலுக்கு வந்தது யார் கைடா?"

தங்கச்சி பதினோரு நாள் ஊசியில பிழைச்சுட்டா. காய்ச்சல் யார் கையால வந்ததுன்னு என்னால நிரூபிக்க முடியாது, இந்தக் குறிப்பு அதுக்காகவும் இல்லை. ஆனா அம்மாவோட கேள்வி என்னை விடல. அதைப் பிடிச்சுக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சப்போ, அதே கேள்வியை 172 வருஷத்துக்கு முன்னாடி வேற ஊர்ல ஒருத்தர் கேட்டு, அதுக்காகவே வேலையையும் மரியாதையையும் இழந்திருக்கார்னு தெரிஞ்சது.

வியன்னாவில் இரண்டு வார்டு

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் பெரிய அரசு மருத்துவமனை ஒன்று. அங்கே பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள். 1840-ல் வந்த உத்தரவுப்படி முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள். ஒரு நாள் முதல் பிரிவில் அட்மிஷன், அடுத்த நாள் இரண்டாவதில். வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள், கல்யாணம் ஆகாத தாய்மார்கள், வீட்டு வேலைக்காரிகள்.

பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் கண்டு தாய் சாவதை நம்ம ஊர்ல பிரசவ ஜன்னி என்பார்கள். 1841-லிருந்து 1846 வரை முதல் பிரிவில் சராசரியாக 100-க்குப் பத்துப் பெண்கள் செத்தார்கள். இரண்டாம் பிரிவில் 100-க்கு நாலு பேருக்கும் குறைவு. ஒரே கட்டடம், ஒரே சாப்பாடு, ஒரே ஊர்க் காத்து. இந்த விஷயம் ஊருக்கே தெரியும். முதல் பிரிவு அட்மிஷன் நாளில் வந்து சேர்ந்த பெண்கள் மண்டி போட்டு அழுதார்களாம், மருத்துவச்சிகள் வார்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி. சில பேர் வழியிலேயே தெருவில் பெற்றுவிட்டு வந்தார்கள். தெருவில் பெற்றவர்களுக்கு ஜன்னி குறைவாகத்தான் வந்தது.

அந்தப் பெண்கள் பேசியதும் கைராசி கணக்குதான். யார் கையில் பிழைப்போம், யார் கையில் சாவோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. ஏன்னுதான் தெரியல.

1846-ல் முதல் பிரிவில் உதவி மருத்துவராகச் சேர்ந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ், ஹங்கேரிக்காரர். கூட்டம், காற்று, சாப்பாடு, பெண்கள் படுக்கும் நிலை என்று ஒவ்வொன்றாக இரண்டு வார்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எதிலும் விடை இல்லை. 1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கோலெட்ஷ்கா இறந்தார். பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் குத்திவிட்டது. அவருடைய உடலைத் திறந்து பார்த்த அறிக்கையைப் படித்த செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது. ஜன்னி கண்டு செத்த தாய்மார்களின் உடம்பில் இருந்த அதே அறிகுறிகள் அதில் இருந்தன.

மாணவர்களும் டாக்டர்களும் காலையில் பிணத்தை அறுத்துவிட்டு நேராகப் பிரசவ வார்டுக்கு வருவார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. இரண்டு வார்டுக்கும் இருந்த வித்தியாசம் இதுதான்.

கிருமி என்ற கருத்தே அப்போது நிலைபெறவில்லை. சோப்பு போட்டுக் கழுவிய பிறகும் கையில் பிண வாடை இருக்கிறதே, அதைப் போக்கும் பொருள் எதுவோ அது காய்ச்சலையும் போக்கும் என்பது அவர் எண்ணம். அவர் தேர்ந்தெடுத்தது குளோரின் ஏற்றிய சுண்ணாம்பு. நமக்குத் தெரிஞ்ச பேர்ல சொன்னா பிளீச்சிங் பவுடர். கணேசபுரம் சுரங்கப்பாதையில் வெள்ளம் வடிஞ்ச பிறகு கார்ப்பரேஷன்காரங்க தூவிட்டுப் போறாங்களே, அதே பொருள்.

1847 மே மாதத்தில் வார்டு வாசலில் அந்தக் கரைசலை வைத்தார். கழுவாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. ஏப்ரலில் 312 பிரசவத்தில் 57 பேர் இறந்திருந்தார்கள், 18 சதவீதத்துக்கும் மேல். ஜூலையில் 250 பிரசவத்தில் மூன்று பேர். 1848 முழுக்க முதல் பிரிவில் இறந்தவர்கள் 1.27 சதவீதம், மருத்துவச்சிகள் வார்டில் 1.33. டாக்டர்களின் வார்டு முதல் முறையாக மருத்துவச்சிகளை எட்டிப் பிடித்தது.

பெரும்பாலான கட்டுரைகள் கதையை இங்கே முடித்துவிடும். எனக்கு முக்கியமாகப் பட்டது 1847 அக்டோபரில் நடந்தது. கர்ப்பப்பைப் புற்றுநோயால் சீழ் வடியும் பெண் ஒருத்தி வார்டின் முதல் கட்டிலில் இருந்தாள். பரிசோதனை வரிசையாக முதல் கட்டிலிலிருந்து தொடங்கும். உள்ளே வரும்போது எல்லோரும் கழுவினார்கள், கட்டிலுக்குக் கட்டில் கழுவவில்லை. கூடவே பிரசவித்த 12 பேரில் 11 பேர் செத்தார்கள். பிணத்திலிருந்து மட்டும் இல்லை, உயிரோடு இருப்பவரிடமிருந்தும் கை வழியாக நோய் போகும் என்று செம்மல்வைஸ் அப்போதுதான் புரிந்துகொண்டார். ஒவ்வொரு பெண்ணைத் தொட்ட பிறகும் கழுவ வேண்டும் என்று விதியை மாற்றினார்.

அந்தக் கட்டில்லேர்ந்து இந்தக் கட்டிலுக்கு. அம்மா கேட்டதும் இதைத்தான்.

பெரிய மனுஷன் கை

செம்மல்வைஸுக்கு முன்பே இதைச் சொன்னவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் அலெக்சாண்டர் கோர்டன் 1795-லேயே எழுதினார்: எந்த மருத்துவர், எந்த மருத்துவச்சி போன வீட்டிலெல்லாம் ஜன்னி வந்தது என்று பட்டியல் போட்டார், தன் பெயரையும் சேர்த்து. ஊரில் அவருக்கு வெறுப்புதான் மிச்சம். 1843-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அதே கருத்தை எழுதினார். பிலடெல்பியாவின் பெரிய பிரசவ மருத்துவர் சார்லஸ் மீக்ஸ் அதை ஏற்கவில்லை. மருத்துவர்கள் கனவான்கள், கனவான்களின் கை சுத்தமானது என்பது அவர் வாதத்தின் சாரம்.

வியன்னாவிலும் அதேதான் நடந்தது. கண்டுபிடிப்பை ஒப்புக்கொண்டால், இத்தனை வருஷம் தாய்மார்களைக் கொன்றது தன் கைதான் என்று ஒவ்வொரு டாக்டரும் ஒப்புக்கொள்ள வேண்டும். செம்மல்வைஸும் பக்குவமாகப் பேசுகிற ஆள் இல்லை. அவருக்கு வேலை நீட்டிப்பு கிடைக்கவில்லை. 1850-ல் சொந்த ஊருக்குத் திரும்பினார். 1861-ல் புத்தகம் போட்டார், எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று கடிதம் எழுதினார். 1865-ல் மனநல விடுதியில் அடைக்கப்பட்டு இரண்டே வாரத்தில் செத்தார், 47 வயதில்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. கை சுத்தம் என்பது அந்தஸ்தோடு சேர்ந்தே வருகிறது என்று ஒரு நம்பிக்கை. படித்தவன் கை, பணக்காரன் கை, உயர்ந்தவன் கை சுத்தம். மற்றவன் கை அழுக்கு. வியன்னாக் கணக்கு இதைத் தலைகீழாக்கியது. நாம் இந்த நம்பிக்கைக்கு இன்னொரு பெயர் வைத்திருக்கிறோம்: தீட்டு.

வியன்னாவிலிருந்து மதராஸுக்கு

மதராஸில் அரசுப் பிரசவ மருத்துவமனை 1844-ல் தொடங்கியது. எழும்பூர் தாய் சேய் மருத்துவமனை அதன் தொடர்ச்சிதான். 1875-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தில் பெண்கள் மருத்துவம் படிப்பது கடினமாக இருந்த காலம் அது. அந்த நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப், இங்கே வக்கீலாக இருந்தவரின் மனைவி. மதராஸில் படித்துவிட்டு லண்டன் போய்ப் பட்டம் வாங்கினார். பிறகு பிரசவ அறுவை சிகிச்சை கற்றுக்கொள்ள அவர் போன ஊர் வியன்னா. அங்கிருந்து 1883-ல் மதராஸ் திரும்பினார்.

அதற்குள் உலகம் மாறியிருந்தது. 1867-ல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயத்தைக் காப்பது பற்றி எழுதிவிட்டார். 1879-ல் லூயி பாஸ்டர் பிரசவ ஜன்னிக்குக் காரணமான சங்கிலிக் கிருமியைக் கரும்பலகையில் வரைந்தே காட்டிவிட்டார். செம்மல்வைஸ் செத்துப் பதினெட்டு வருஷம் கழித்து, அவர் சொன்னதை ஏற்றுக்கொண்ட மருத்துவம் கடல் தாண்டி இங்கே வந்தது.

1885-ல் ஷார்லீப் முன்னின்று ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. விக்டோரியா மகாராணி பெயரில், சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான மருத்துவமனை. பெயரே அப்படித்தான். இப்போது அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆனா ஆட்டோக்காரர் கிட்ட "கோஷா ஆஸ்பத்திரி"ன்னு சொன்னாலே போதும். ஆண் டாக்டர் கையும், மற்ற சாதிக்காரர்களோடு ஒரே வார்டும் வேண்டாம் என்று வீட்டிலேயே செத்துக்கொண்டிருந்த பெண்களைக் காப்பாற்ற வந்த மருத்துவமனை அது. நல்ல காரியம். ஆனா அந்தப் பெயரை வியாசர்பாடியிலிருந்து வாசிக்கிறப்போ வேற மாதிரி கேக்குது. கிருமியைக் கண்டுபிடித்த காலத்திலும் யார் யாரைத் தொடலாம் என்ற பழைய கணக்கு வாசலிலேயே எழுதியிருந்தது.

நம்ம பக்கத்துக்கு ராயபுரம். ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரில் இருக்கிற பிரசவ மருத்துவமனை, ஆர்.எஸ்.ஆர்.எம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு என்று வடசென்னையில் பாதிப் பேர் பிறந்தது அங்கேதான். கொஞ்ச தூரத்தில் ஸ்டான்லி. 1782-ல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் பெரியவங்க இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுவாங்க. மில்லிலும் பட்டறையிலும் மெஷினில் நசுங்கிய கைகளைச் சரிபண்ணும் பிரிவுக்கு அது நாடு முழுக்கப் பேர் பெற்றது.

ஆஸ்பத்திரி வருவதற்கு முன்னாலும், வந்த பிறகு வெகுகாலமும் பிரசவம் பார்த்தது மருத்துவச்சிதான். தமிழ்நாட்டில் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். பிரசவம் தீட்டு என்பதால் அந்த வேலை அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த வேலையைச் செய்ததால் அவர்கள் கையே தீட்டு என்றும் ஆனது. ஆங்கில மருத்துவம் வந்தபோது தீட்டு என்ற சொல்லை மாற்றி அசுத்தம் என்று எழுதிக்கொண்டது. 1927-ல் கேத்தரின் மேயோ இந்தியாவைப் பழித்து எழுதிய புத்தகத்தில் நாட்டு மருத்துவச்சிகள் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. மேயோவை எதிர்த்து எழுதிய தேசியவாதிகள் பலரும் மருத்துவச்சியை மட்டும் காப்பாற்றப் போகவில்லை.

மருத்துவச்சி கையால் யாரும் சாகலன்னு சொல்ல வரல. துருப்பிடித்த கத்தியில் கொடி அறுத்து எத்தனையோ குழந்தைகள் இழுப்பு வந்து செத்திருக்கின்றன. அவர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டது உண்மை. ஆனா வியன்னாவில் எண்ணிப் பார்த்தபோது குற்றவாளியாக நின்றது படித்தவர்களின் கை. இங்கே எண்ணுவதற்கு முன்னாலேயே தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது.

முறையாக எண்ணியவர்களும் இருந்தார்கள். எழும்பூர் மருத்துவமனையின் முதல் இந்தியக் கண்காணிப்பாளர் ஏ.எல். முதலியார் 1930களில் மதராஸ் நகரத்துப் பிரசவ மரணங்களின் காரணங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அவருடைய பிரசவ மருத்துவப் பாடநூல் 1938-ல் வந்து, பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டு மாணவர்கள் கையில் இன்னும் இருக்கிறது.

தண்ணி எங்கே இருந்து வந்தது?

கை கழுவுதல் பற்றிப் படித்த எல்லாவற்றிலும் எனக்கு ஒரு குறை. தண்ணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குழாயைத் திறந்தால் வரும் என்று எழுதுகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

கோட்டையில் இருந்த கம்பெனிக்காரர்களுக்காக 1772-ல் ஏழு கிணறு திட்டம் வந்தது. ஊருக்கு என்று புழல் ஏரித் தண்ணீர் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்தது 1872-ல். வடிகட்டிய தண்ணீர் 1914-ல். அப்படிப் பார்த்தால் 1844-ல் தொடங்கிய பிரசவ மருத்துவமனைக்கு முதல் 28 வருஷம் ஊர்க்குழாயே இல்லை. ஒவ்வொரு குடமும் யாரோ இறைத்து, யாரோ சுமந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

குழாய் வந்த பிறகும் கணக்கு முடியல. வடசென்னையில் வளர்ந்தவங்களுக்கு அடிபம்பு தெரியும். மெட்ரோ தண்ணி எந்நேரம் வரும்னு விடிகாலை எழுந்து அடிச்சுப் பார்க்கணும். 2019-ல் அதுவும் நின்னது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததை டிவியில் பார்த்தோம். தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டு மூணு வாரம் ஆகியிருந்தது.

நியாயமாகப் பேசினால், அன்று வார்டில் இருந்த டாக்டரையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கணும். ஒரு பக்கெட், ஏழெட்டுக் கட்டில், ஒரே ஒரு டாக்டர். பக்கெட்டில் இருந்த தண்ணி ரத்தம் கழுவுறதுக்கே பத்தாது. அவங்க கழுவாதது தப்புதான். ஆனா கழுவுற மாதிரி ஒரு இடத்தை அவங்களுக்கு யாரும் கொடுக்கல. அந்தக் கோபம்தான் ஆயா மேல விழுந்தது.

ஜெனிவாவில் ஒரு பாட்டில்

1990களில் ஸ்விட்சர்லாந்தின் ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற மருத்துவரும் அவர் குழுவும் வார்டு வார்டாக நின்று எண்ணினார்கள். கழுவ வேண்டிய தருணம் எத்தனை, கழுவியது எத்தனை? 1994-ல் விடை 48 சதவீதம். பணக்கார நாடு, குழாயில் எப்போதும் தண்ணீர், எல்லாரும் படித்தவர்கள். இருந்தும் பாதிக்கு மேல் கழுவவில்லை. டாக்டர்கள் நர்சுகளை விட மோசம். வேலை அதிகமாக இருக்கும் இடத்தில் கழுவுவது இன்னும் குறைவு.

இதை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல் நேரக்கணக்காகப் பார்த்தார்கள். சோப்பு போட்டு ஒழுங்காகக் கழுவித் துடைக்க ஒரு நிமிஷம் ஆகும் என்று வையுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்சுக்கு மணிக்கு இருபது தடவை கழுவ வேண்டி வந்தால், ஒரு மணியில் இருபது நிமிஷம் வாஷ்பேசின் முன்னால் நிற்க வேண்டும். அப்புறம் நோயாளியை யார் பார்ப்பது?

அதனால் பேசினைத் தேடி ஆள் போவதற்குப் பதில் மருந்தை ஆளிடம் கொண்டு வந்தார்கள். வில்லியம் கிரிஃபித்ஸ் என்ற மருந்தாளுநர் உருவாக்கி வைத்திருந்த ஆல்கஹால் கலவை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில், சட்டைப்பையில் ஒரு பாட்டில். இருபது முப்பது விநாடியில் தேய்த்தால் காய்ந்துவிடும். கூடவே சுவரொட்டிகள், தொடர்ந்து எண்ணுவது, எண்ணியதை வார்டுக்கே திருப்பிச் சொல்வது. 1997-ல் 66 சதவீதம் ஆனது. மருத்துவமனையில் வந்து ஒட்டிக்கொள்ளும் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9-க்கு இறங்கியது. 2000-ல் லான்செட் இதழில் வந்த கட்டுரை இது. அதிலும் ஒரு வரி என்னைச் சிரிக்க வைத்தது: நர்சுகளிடம் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது, டாக்டர்கள் பெரிதாக மாறவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2005-ல் இதை உலகம் முழுக்க எடுத்துக்கொண்டு போனது. கலவையின் செய்முறைக்குக் காப்புரிமை கிடையாது. 80 சதவீத எத்தனால், கொஞ்சம் கிளிசரால், கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு. எந்த மருத்துவமனையின் மருந்தகமும் தானே தயாரித்துக்கொள்ளலாம். எப்போது தேய்க்க வேண்டும் என்பதற்கு ஐந்து தருணங்கள் வகுத்தார்கள். நோயாளியைத் தொடும் முன். ஊசி, குழாய், காயக்கட்டு போன்ற வேலைக்கு முன். ரத்தம், சீழ் போன்றவை பட்ட பின். நோயாளியைத் தொட்ட பின். அவருடைய கட்டில், மேசையைத் தொட்ட பின். 2009 முதல் ஒவ்வொரு மே 5-ம் தேதியும் இதற்கான நாள். ஐந்துக்கு ஐந்து, விரல் கணக்கு.

ஆனா பிரசவ வார்டுக்கு இதில் ஒரு சிக்கல். கையில் ரத்தமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தால் பாட்டில் பயன்படாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். கையுறையும் கழுவுவதற்குப் பதில் ஆகாது. அதை மாற்றாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால் வெறும் கையும் கையுறையும் ஒன்றுதான். எப்படிச் சுற்றினாலும் கடைசியில் தண்ணியிடம் வந்து நிற்கிறோம்.

மருந்து தோற்கும்போது

இத்தனைக்கும் நடுவில் கை கழுவாமல் நாம் எப்படித் தப்பித்தோம்? மருந்தால். 1936-ல் லண்டன் குயின் சார்லட் மருத்துவமனையில் லியோனார்ட் கோல்ப்ரூக் பிரசவ ஜன்னிக்கு சல்ஃபா மருந்து வேலை செய்வதைக் காட்டினார். பின்னாடியே பென்சிலின் வந்தது. கை தவறினாலும் ஊசி காப்பாற்றும் என்ற தைரியம் அப்போது வந்ததுதான். என் தங்கச்சியைக் காப்பாற்றியதும் ஊசிதான், மறுக்கவில்லை.

அந்தத் தைரியம் நீடிக்காது என்ற செய்தி நம்ம ஊரிலிருந்தே போனது. 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆய்வகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் மற்றவர்களும் எழுதிய ஆய்வு, கடைசி ஆயுதமான மருந்துகளுக்கும் அடங்காத என்.டி.எம்-1 மரபணு கொண்ட கிருமிகளைக் காட்டியது. சென்னை மாதிரிகளில் மட்டும் 44. அந்த ஆய்வகம் இருக்கும் நிறுவனத்தின் பெயர் ஏ.எல். முதலியார் நிறுவனம். பிரசவ மரணங்களை எண்ணிய அதே மனிதர். 2012-ல் மருத்துவர்கள் கூடி சென்னைப் பிரகடனம் வெளியிட்டார்கள். மருந்தை அளந்து கொடுங்கள், மருத்துவமனைத் தொற்றைத் தடுங்கள் என்றது அது. தொற்றைத் தடுப்பதில் முதல் படி மறுபடியும் கைதான்.

2015-ல் மத்திய அரசு அரசு மருத்துவமனைகளுக்குக் காயகல்ப் என்ற தூய்மை மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. கை கழுவும் வசதி, தண்ணீர், பழக்கம் எல்லாம் மதிப்பெண்ணில் வரும். 2020-ல் கொரோனா வந்து ராயபுரம் மண்டலம் நகரத்திலேயே அதிகத் தொற்று உள்ள இடங்களில் ஒன்றாக இருந்தபோது எங்க தெருப் பொட்டிக்கடையிலும் சானிடைசர் பாட்டில் தொங்கியது. 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. மாறியிருக்கிறது, நிறைய மாறியிருக்கிறது. அந்த எண்ணிக்கையை இன்னும் இறக்க வேண்டுமென்றால் யாரைத் திட்டலாம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் குழாய் இல்லை என்று பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் படிச்சு முடிச்சு ஒரு நாள் அம்மாகிட்ட வியன்னாக் கதையைச் சொன்னேன். பொறுமையா கேட்டாங்க. அப்புறம் அவங்க வார்டைப் பத்தி, அதுவரைக்கும் சொல்லாத ஒண்ணைச் சொன்னாங்க.

அவங்க வேலைக்குச் சேர்ந்தப்போ வார்டுல ஒரு பேசின் ஸ்டாண்டு இருக்கும். பேசினில் டெட்டால் தண்ணி, பக்கத்துல ஒரே ஒரு துண்டு. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது எல்லாரும் அதே தண்ணியில கை முக்கி, அதே துண்டுல துடைப்பாங்க. நாலாவது கட்டில் வரும்போது தண்ணி கலங்கிப் போயிருக்கும். மாத்தச் சொல்லி யாரும் சொல்லல. மாத்தினா தண்ணி வீண்னு சூப்பர்வைசர் திட்டுவார்.

"அப்புறம் நீ இன்னா பண்ண?"

"பேசினை எடுத்து கட்டிலுக்கு அடியில வெச்சுட்டேன். மக்குல மொண்டு நானே ஊத்தினேன். டாக்டரம்மா கை நீட்டுவாங்க, நான் ஊத்துவேன். ஒவ்வொரு கட்டிலுக்கும். துண்டு மட்டும் வீட்லேர்ந்து பழைய புடவையைக் கிழிச்சு எடுத்துட்டுப் போவேன். பத்துப் பன்னெண்டு துண்டு. தினமும் ராத்திரி கொதிக்க வெச்சுக் காயப்போடுவேன்ல, நீங்க பார்த்திருப்பீங்களே."

பார்த்திருக்கேன். கொடியில வரிசையா காயும் அந்தத் துணிகளை அடுப்படித் துணின்னு நினைச்சிருந்தேன்.

அந்த டாக்டரம்மாவுக்குக் கைராசின்னு எங்க ஏரியா முழுக்கப் பேர் இருந்தது.